கொத்தனார் கட்டிய கடல்

"நாலுக்கு ஒண்ணு போதுமா அண்ணாச்சி, இல்ல மூணுக்கு ஒண்ணா?" என்று கேட்டார் கொத்தனார். கலவைக் கணக்கைத்தான் கேட்டார். என்ன கட்டப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது. செப்டிக் டேங்க் மூடி என்று நினைத்துக் கரண்டியும் சட்டியுமாக வந்திருந்தார். முற்றத்தில் நான் கொட்டி வைத்திருந்ததோ கோழித் தீவனத்தில் கலக்கிற கிளிஞ்சல் தூள். பக்கத்தில் ஒரு படி கல்லுப்பு.

"இது எதுக்கு உப்பு? சிமெண்ட்ல உப்பு விழுந்தா உருப்படுமா?"

"உப்பு பெறவு தண்ணியில கரைஞ்சு போயிரும். அது இருந்த எடம் ஓட்டையா நிக்கும். ஓட்டை ஓட்டையாத்தான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முப்பது வருஷமாக ஓட்டையை அடைத்துச் சம்பாதித்த மனிதர். 2018 ஏப்ரலில், தென்காசிப் பக்கம் எங்கள் வடகரையில் அந்த வேலை தொடங்கியது.

எங்கள் ஊரில் கடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேற்கே மலை, மேக்கரையில் அடவிநயினார் அணை, அனுமன் நதி, நெல், தென்னை, மாங்காய், ராத்திரி இறங்கி வந்து வாழையை முறிக்கும் யானை. பேச்செல்லாம் இவற்றைப் பற்றித்தான். கிழக்கே திருச்செந்தூர்க் கடலும் மேற்கே கொல்லத்துக் கடலும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறோம்; இரண்டின் உப்புக்காற்றும் எங்களுக்கு வராது. வருவதெல்லாம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஷார்ஜாவில். ஏ.சி. மெக்கானிக்காகப் பதினோரு வருஷம் இருந்தேன். ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி. ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று அசையும் பவளங்கள். அதன் குளிரூட்டியைச் சரிபார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை போவேன். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் நிற்பேன். ஒருமுறை அந்தக் குளிரூட்டியைப் பிரித்தபோது உள்ளே சுருள் டைட்டானியத்தில் இருந்தது. ஏன் டைட்டானியம் என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பின்னால் வரப்போகும் ஒரு நஷ்டம் எனக்கு இருந்திருக்காது. அரபிக்காரன் காசு, டைட்டானியமும் போடுவான், தங்கமும் போடுவான் என்று நினைத்து மூடிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி ஒட்டி வாங்கினேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தினால் அறுபது லிட்டர் பிடிக்கும். சின்னதில் தொடங்கினால் சுலபம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தலைகீழ். குளத்தில் ஒரு செம்பு உப்பைக் கொட்டினால் குளத்துக்குத் தெரியாது, குடத்தில் ஒரு பிடி போட்டால் குடமே கெட்டுப்போகும். கடல் உயிர்கள் மாற்றத்துக்குப் பழகாதவை. சின்னத் தொட்டியிலோ எல்லாமே மணிக்கணக்கில் மாறும். தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் சின்னதைக் கையில் கொடுக்கிறார்கள், விலை குறைவு என்பதால். மீனுக்கு அது தெரியுமா?

அடுத்தது பவளம். விசாரித்ததில் ஒரு வியாபாரியின் எண் கிடைத்தது. போனில் குழைந்து பேசினார். கடலிலிருந்து பெயர்த்த உயிர்ப்பாறை கிலோ கணக்கில் தருவாராம், பவளம் துண்டு கணக்கில். பார்சலில் 'அலங்காரப் பொருள்' என்று எழுதி அனுப்பிவிடுவாராம். "பேரு மட்டும் வேற போட்டுக்கலாம் சார்" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. நேர்மையான சரக்குக்கு எதற்கு வேறு பேர்?

தூத்துக்குடியில் எனக்கு ஒரு பழைய நண்பர், கடற்தொழில் செய்கிறவர். அவரிடம் கேட்டேன். "பாரை ஒடைச்சு விக்கிறவன் எவன்வே?" என்று முதலில் கத்தினார். அவர்கள் பேச்சில் பவளப்பாறை என்ற சொல் கிடையாது, பார்தான். பிறகு நிதானமாகச் சொன்னார். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி தொடங்கி ராமேஸ்வரம் பக்கம் வரை வரிசையாக 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு பல காலம் பாரைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் பழைய வீட்டுச் சுவர்களை உரித்துப் பார்த்தால் பவளக்கல் பூ வேலையோடு தெரியும். அலையைத் தடுத்த பார் போனதும் தீவு கரைந்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில்தான் இருக்கின்றன. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். யானையும் புலியும் இருக்கிற அட்டவணை அது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைவிட விளங்குகிற மாதிரி யாரும் சொல்ல முடியாது. வாழையை முறித்த யானையைக் கூடத் தொடக்கூடாது என்று வனத்துறை சொல்லக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். பவளம் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. பவளம் இல்லாத பவளப்பாறைத் தொட்டி! ஷார்ஜாவில் பார்த்த ஊதாவும் பச்சையும் மனசில் அணைந்தன. பவளத்துக்கென்று வாங்க வேண்டியிருந்த விலை உயர்ந்த நீல விளக்கும் வேண்டாம் என்று ஆனதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆனால் கல் வேண்டும். கடல் தொட்டியில் கல்தான் வடிகட்டி. அதன் நுண்ணிய பொந்துகளில் பாக்டீரியா குடியேற வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. கல் கடலிலிருந்து வரக்கூடாது என்றால் வடகரையில் செய்துதான் ஆகவேண்டும். அப்படித்தான் கொத்தனார் வந்தார்.

சிமெண்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. ஈர மணலில் குழி தோண்டி, அதில் கலவையைக் கையால் அப்பி, குகைபோலவும் பாலம்போலவும் ஏழெட்டுத் துண்டு செய்தோம். முதல் துண்டைக் கொத்தனார் பழக்க தோஷத்தில் வழுவழு என்று தேய்த்துவிட்டார். "பூசாதீங்க அண்ணாச்சி, குத்துங்க" என்றேன். இரண்டாவதை விரலால் குத்தினார். மூன்றாவதில் அவருக்கே பிடித்துவிட்டது, சாயங்காலம் போகும்போது, "நாளைக்கு இன்னும் ரெண்டு போடுவமா?" என்றார்.

பச்சை சிமெண்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். அதனால் எட்டு வாரம் ட்ரம்மில் ஊறப்போட்டு, வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். இது மட்டும் கொத்தனாருக்கு முழுச் சம்மதம். "க்யூரிங் இல்லாத வேலை வேலையே இல்ல."

அந்த எட்டு வாரத்தில் உப்பைப் பற்றிப் படித்தேன். தெருவில் எல்லோரும் கேட்ட கேள்விதான் எனக்கும் இருந்தது: கடைகளில் தூத்துக்குடி உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, அதைக் கரைத்தால் கடல்தானே? இல்லை. உப்பளத்தில் கடல்நீர் காயக் காய, முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். அப்புறம்தான் பாத்தியில் உப்பு விளையும். மக்னீசியம் கடைசிவரை இறங்காமல் கசப்பு நீராகவே மிஞ்சும், அதை வெளியேற்றிவிடுவார்கள். கடலில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. முக்கால் பங்குக்கு மேல் நம் சாப்பாட்டு உப்பு. மிச்சமிருக்கிற கால் பங்குதான் கடல். அந்தக் கால் பங்கை உப்பளத்தில் பார்த்துப் பார்த்துக் கழித்துவிடுகிறார்கள், நாக்குக்குக் கசக்காமல் இருக்க.

ஆக ஒன்று, கடலையே அள்ள வேண்டும். இல்லையென்றால் கடலுப்புக் கலவை என்று விற்கும் பாக்கெட்டை வாங்க வேண்டும். முதலில் அள்ளினேன். ஜூன் மாதம் சித்தப்பா குடும்பம் திருச்செந்தூருக்கு வேன் பிடித்தபோது நான்கு இருபது லிட்டர் கேன்களோடு நானும் ஏறினேன். எல்லோரும் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீரில் குளிக்கப் போக, நான் மட்டும் ஆள் குறைந்த பக்கமாகத் தள்ளிப் போய் இடுப்பளவு அலையில் கேனை அமுக்கிக்கொண்டிருந்தேன். "வீட்டுக்குத் தீர்த்தமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த தீர்த்தம் மூன்றாம் நாள் நாறியது. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் கேனுக்குள் செத்திருந்தன. துணியில் வடித்து, பம்ப் போட்டுச் சுற்றவிட்டு, நாற்றம் போனபின் கற்களை அடுக்கித் தொட்டியில் ஊற்றினேன். பாக்டீரியாவுக்குத் தீனியாக ஒரே ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டேன். அழுகினால்தான் அம்மோனியா வரும். "ஏங்க, சந்தையில நூறு ரூபாய்க்கு வாங்கி அழுக விடுறதுக்கா நீங்க அத்தனை வருஷம் பாலைவனத்துல இருந்தீங்க?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

இங்கேதான் முதல் பிழை. ஜூலையில் சாரல் ஓய்ந்த நாட்களில் எங்கள் பக்கம் வெறும் காற்றாக வீசும். ஜன்னலோரத் தொட்டியில் தினமும் அரை லிட்டர் குறைந்தது. குறைந்த அளவுக்கு மிச்சமிருந்த கடல்நீரை ஊற்றி நிரப்பினேன். கடல் தொட்டிக்குக் கடல்நீர், இதில் என்ன தப்பு? மூன்று வாரம் ஊற்றினேன். உப்பு அளக்கும் பிளாஸ்டிக் மானியை அன்றுதான் ஒழுங்காகக் கழுவி வைத்துப் பார்த்தேன். 1.025-ல் நிற்க வேண்டிய முள் 1.030-ஐத் தாண்டியிருந்தது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போவதில்லை. ஆறாம் வகுப்பில் உப்பளப் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். வீட்டிற்குள் ஒரு உப்பளத்தை நடத்திக்கொண்டிருந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. உள்ளே இன்னும் மீன் விடாததால் பிழைத்தேன்.

குறைவதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். நல்ல தண்ணீருக்கா நமக்குப் பஞ்சம்? வீட்டு போர் தண்ணீர் சவர். மேக்கரைப் பக்கத்து ஓடைத் தண்ணீரில் உப்புமானியை விட்டால் எண் ஏறவே ஏறாது. குற்றாலத் தண்ணீரும் அந்த மலையின் பிள்ளைதான். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஓடைக்குப் போய்க் கேனில் பிடித்து வந்து ஊற்றினேன், கொஞ்சம் பெருமையாகவே. கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்பாக ஒரு படலம் படர்ந்தது. துடைத்தேன், மறுநாளே வந்தது. புதுத் தொட்டியில் இது சகஜம், சில வாரத்தில் போய்விடும் என்கிறார்கள். எனக்கு இரண்டு மாதமாகியும் போகவில்லை. அது டயாட்டம் என்ற பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. கருங்கல் மலையில் இறங்கிவரும் தண்ணீர் உப்பில்லாமல் வரும், சிலிக்கா இல்லாமல் வராது. ஊரே கொண்டாடும் தண்ணீர் இந்த ஒரு காரியத்துக்கு ஆகவில்லை. சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்துக்கு மாறிய பிறகுதான் பழுப்பு அடங்கியது.

இதற்கிடையே ஒரு நாள் விழிஞ்சம் போய்வந்தேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் அங்கே இருக்கிறது. அவர்கள் மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனென்றால் கடலில் யாரும் வலை வீசியிருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. செப்டம்பரில் சென்னை கொளத்தூரில் பண்ணைக் குஞ்சுகள் இரண்டு வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையைத் தெர்மக்கோல் பெட்டியில் வைத்துப் பொதிகை எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எதிர் பெர்த் அம்மா, "என்ன மருந்தா?" என்று கேட்டார். கோமாளி மீன் என்றதும் அவர் பேரன் விடியும்வரை என் பெர்த்தை விட்டு இறங்கவில்லை.

ஜனவரியில் இரண்டு கிளீனர் இறால், ஆறு நத்தை. இறால் ஒன்று மீனின் செவுளைச் சுத்தம் செய்வதை முதன்முதலாகப் பார்த்த அன்று கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். குனிந்து பார்த்துவிட்டு, "நான் குத்துன ஓட்டையிலதான இருக்கான்?" என்றார்.

2019 மே. தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. அதற்கு 26 இருந்தால் நல்லது. மேலே ஒரு சின்ன ஃபேன் போட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். போட்டேன். கரண்ட் போனால் மறுபடி ஏறும். தெருவில் சிரித்தார்கள். "ஆனை வந்து பத்து மூடு வாழையை அழிச்சிட்டுப் போயிருக்கு, நீரு மீனுக்குக் காத்து போடுதீராக்கும்" என்றார் வாழை போன அண்ணாச்சி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பதினோரு வருஷம் ஏ.சி. பார்த்தவன் ஃபேனோடு நிற்பதா? பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் கம்ப்ரஸரை எடுத்து, காப்பர் டியூபைச் சுருளாக வளைத்துத் தொட்டிக்குள் இறக்கி, கேஸ் ஏற்றினேன். அரை நாளில் 26. அந்த ராத்திரி எனக்கிருந்த கர்வத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் நாள் நத்தைகள் கண்ணாடியை விட்டு ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன. மூன்றாம் நாள் காலை இறால் இரண்டும் கல் பொந்தில் வெளுத்துக் கிடந்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன.

செம்பு உப்புத் தண்ணீரில் கரையும். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பையே மருந்தாகக் கொடுப்பதுண்டு, அந்த அளவை மீன் தாங்கும். இறாலும் நத்தையும் அதில் ஒரு துளிப் பங்கைக்கூடத் தாங்காது. இத்தனைக்கும் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். டைட்டானியம் எதற்கு என்பது அன்றைக்கு விளங்கியது. ஷார்ஜாவில் திருகாணியைக் கழற்றி மூடிய அந்தக் கை என் கைதான்.

அதோடு முடியவில்லை. சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். கற்கள் எல்லாம் வீண். மீன்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, ஏழு துண்டையும் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். கொத்தனார் வந்து அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என் வேலையில கொறையா?"

"உங்க வேலையில இல்ல, என் வேலையில."

மறுபடியும் கிளிஞ்சல், கல்லுப்பு, ட்ரம், எட்டு வாரம். இந்த முறை அவர் கூலி வாங்கவில்லை. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் சிமெண்ட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்குள் நட்டு வளர்க்கிறார்கள் என்பதையும், கரைந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட் கூடுகளை இறக்கி அலையைத் தடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். "கடலுக்குள்ளயா? அங்க க்யூரிங் எப்பிடி?" என்று கேட்டார். அந்தக் கடலிலும் 2010, 2016 கோடைகளில் வெப்பம் ஏறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. அங்கே ஃபேன் போட ஆளில்லை.

தென்காசி தனி மாவட்டமான அந்த நவம்பரில் இரண்டாவது கல்வரிசை தொட்டிக்குள் போனது. ஃபேன், இன்வெர்ட்டர், கோடையில் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. இதற்குமேல் எந்த எந்திரமும் வைக்கவில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். காலையில் காப்பிக்கு முன் அந்தக் கோடுவரை நல்ல தண்ணீர் ஊற்றுவது வேலை. புதிதாக வந்த நத்தையின் ஓட்டிலிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ, ஒரு வருஷம் கழித்துக் கல்லில் துவரம்பருப்பு அளவுக்கு ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. சுண்ணாம்பு கட்டும் கடற்பாசி. இன்று பாதிக் கல்லுக்குப் படர்ந்திருக்கிறது. சாம்பல் நிற சிமெண்ட் என்று யாரும் சொல்ல முடியாது.

பார்க்க வருகிறவர்கள் பவளம் எங்கே என்று கேட்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிறது என்று சொல்கிறேன். பார்சலில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வனத்துறைக்குப் போன் போடுங்கள் என்றும் சொல்கிறேன்.

கோமாளி மீன் எல்லாம் ஆணாகவே பிறக்கும். ஜோடியில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். எங்கள் வீட்டுப் பெரியது சென்ற மாதம் கொத்தனார் முதலில் தேய்த்த மாதிரியே வழுவழுப்பாக விட்டுவிட்ட ஒரு பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைத்தது. மற்ற இடமெல்லாம் குத்தியிருக்கிறதே, அதற்கு வழவழப்புதான் வேண்டியிருந்திருக்கிறது. சின்னது ஒரு வாரம் துடுப்பால் விசிறிக் காவல் காத்தது. எட்டாம் நாள் ராத்திரி பொரிந்தன. குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்த்து ஊட்ட வேண்டும், என்னிடம் இல்லை. விடியும்போது ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த முட்டை வருவதற்குள் ரோட்டிஃபர் வளர்க்க இரண்டு பாட்டில் கழுவி வைத்திருக்கிறேன்.